உப்புக்காற்றும் ஒரு மணி நேரக் கூலியும்

ராமநாதபுரம் மாவட்டத்தின் இந்தக் கடற்கரையில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். பின்பக்கத் தகரக் கொட்டகையில் பதினெட்டு சைக்கிள்கள் வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே பச்சை, மட்கார்டில் 'பசுமை வளாகம்' என்று வெள்ளை எழுத்து. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டிய படம் முதல்வர் அறைக்கு வெளியே இன்னும் தொங்குகிறது. நான் போனது அதற்கு இரண்டு மழைக்காலம் கழித்து. ஒரு சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெடலைக் கையால் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. செயின் கண்ணிக்குக் கண்ணி இறுகி ஒரே கம்பியாகியிருந்தது. விரலில் ஒட்டிய துரு செங்கல் பொடி போல இருந்தது. சீட்டுக்கு அடியில் குளவி கூடு கட்டியிருந்தது. பூட்டுச் சாவி யாரிடம் என்று கேட்டதற்கு உடற்கல்வி ஆசிரியர் அலுவலகத்தைக் காட்டினார். அலுவலகத்தில், "அந்தத் திட்டம் போன வருடமே முடிந்துவிட்டதே, சார்" என்றார்கள்.

ஒரு சைக்கிள்கூடத் திருடு போகவில்லை, யாரும் உடைக்கவும் இல்லை. வாங்குவதற்குப் பணம் இருந்தது, எண்ணெய் விட ஆள் இல்லை, அவ்வளவுதான். கொள்முதல் என்ற தலைப்பில் நிதி வரும், தணிக்கையில் காட்டப் பொருளும் இருக்கும். வாரத்தில் சில மணி நேரம் துணியும் எண்ணெய்க் குப்பியுமாக உட்காரப்போகிற ஒருவருக்குக் கூலி கொடுக்க எந்தக் கணக்குத் தலைப்பும் கிடையாது. வளாகத்தில் பசுமைப் போக்குவரத்து என்றாலே நம் பேச்சு வண்டியைச் சுற்றித்தான் போகிறது. உலகத்தில் சில பல்கலைக்கழகங்களில் இந்த ஏற்பாடு அரை நூற்றாண்டு தாண்டியும் நிற்கிறதென்றால், அங்கே வண்டியோடு சேர்த்து மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் மாணவர்களையும் நியமித்தார்கள் என்பதுதான் காரணம்.

அதற்குப் போவதற்கு முன் உப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஏறக்குறைய 237 கிலோமீட்டர். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவே ராமேசுவரத்துக்கு நீட்டிய கை. எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் காற்று கடலைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. அது கொண்டுவரும் உப்பு இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படியும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணமுடையது. பகலில் காய்ந்த சைக்கிள்கூட இரவில் மெல்லிய உப்புத் தண்ணீரில் நனைந்தபடி நிற்கிறது. அந்த உப்புநீர் மின்னோட்டத்துக்கு வழிவிடுவதால் இரும்பு அரிப்பதும் வேகமாகிறது. மதுரையில் ஐந்து ஆண்டு உழைக்கும் ஸ்போக் இங்கே பாதியில் முறிவதில் மர்மம் ஒன்றும் இல்லை. மருந்து எளியது: நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்த்தி, செயினுக்கு எண்ணெய் விட வேண்டும். குடத்துக்கு இவ்வளவு என்று தண்ணீர் வாங்கிப் பழகிய மாவட்டத்தில் குழாயைப் பிடித்துக் கழுவச் சொல்ல யாருக்கும் வாய் வராது, ஈரத்துணியே போதும். ஆனால் அதை வாராவாரம் செய்ய வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை முகாம் போட்டுச் செய்தால் ஆகாது.

இனி அந்த வெளியூர்க் கதை. கலிபோர்னியாவில் டேவிஸ் என்று ஒரு சிற்றூர், அதில் ஒரு பெரிய பல்கலைக்கழகம். அமெரிக்காவிலேயே முதன்முதலாகச் சாலையில் சைக்கிளுக்கென்று தனித்தடம் கோடு போட்டது அந்த ஊர்தான், 1967-ல். மறு ஆண்டு அங்குள்ள மாணவர் சங்கம் லண்டனில் ஓடி ஓய்ந்த இரண்டு மாடிப் பஸ்களை வாங்கி வந்து ஓட்டத் தொடங்கியது. யூனிட்ரான்ஸ் என்று பெயர். இன்றைக்கு அது அந்த ஊர்ப் பொதுமக்களும் ஏறும் பஸ் சேவை. ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் இளநிலை மாணவர்கள். கனரக வாகன உரிமம் இல்லாமல் வருகிறவர்களுக்குச் சேவையே பயிற்சி கொடுத்து உரிமம் எடுக்க வைக்கிறது; புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் மூத்த மாணவர்கள்தான். கட்டணத்தை மாணவர்கள் பருவக் கட்டணத்தோடு சேர்த்தே செலுத்திவிடுவதால், பஸ்ஸில் அடையாள அட்டையைக் காட்டினால் போதும். காலை எட்டு மணி வகுப்புக்குப் போகிற பெண் பத்து மணிக்கு ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பாள், பிற்பகலில் நூலகத்தில் இருப்பாள். மாசசூசெட்ஸில் ஆம்ஹர்ஸ்ட் நகரத்துப் பல்கலைக்கழகத்திலும் இதே வழக்கம் உண்டு.

பஸ் ஓட்டுவது கண்ணுக்குத் தெரிகிற வேலை. அதைச் சுற்றித் தெரியாத வேலைகள் பல. சைக்கிள் பட்டறையில் பழுது பார்ப்பது, சைக்கிளுக்குப் பதிவு எண் ஒட்டுவது, படிப்பு முடித்துப் போனவர்கள் விட்டுச்சென்ற சைக்கிள்களைச் சேகரித்து ஏலத்துக்கு வைப்பது, யார் எப்படி வளாகத்துக்கு வருகிறார்கள் என்று ஆண்டுதோறும் கணக்கெடுப்பது. டேவிஸில் அந்தக் கணக்கெடுப்பை நடத்துவது பெரும்பாலும் ஒரு முதுநிலை மாணவர். அவருக்கு அதுவே வேலை, அதுவே ஆராய்ச்சிக்கு மூலப்பொருள். என் பார்வையில் பஸ்ஸைவிட இந்தக் கணக்கெடுப்பு முக்கியம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கூலிக்குப் பணம் எங்கிருந்து? அமெரிக்காவில் 1964-ல் வறுமை ஒழிப்புக்கென்று வந்த பொருளாதார வாய்ப்புச் சட்டத்தில், ஏழை மாணவர் வளாகத்தில் வேலை செய்தால் சம்பளத்தின் பெரும்பகுதியை மத்திய அரசே கல்லூரிக்குக் கொடுக்கும் என்று ஒரு பிரிவு வைத்தார்கள். கையெழுத்திட்ட ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், தான் படித்த டெக்சாஸ் ஆசிரியர் கல்லூரியில் துப்புரவு வேலை பார்த்துப் படித்தவர். அந்தச் சட்டத்துக்குப் பிறகு மாணவர் வேலை என்பது தயவாகக் கொடுப்பது என்ற நிலை மாறி, வரவுசெலவில் நிரந்தர இடம் பிடித்தது. எல்லா மாணவர் பஸ்ஸும் இந்தப் பணத்தில் ஓடுகிறது என்பதில்லை. ஆனாலும் மாணவனுக்கு மணிக்கூலி என்கிற பழக்கத்தை ஊரறிய ஊன்றியது அதுதான்.

நம் நாட்டுக்கு இது புதிது என்று நினைத்துவிட வேண்டாம். மகாராஷ்டிரத்தில் கர்மவீர் பாவுராவ் பாட்டீல் 1919-ல் தொடங்கிய ரயத் சிக்ஷண் சன்ஸ்தாவின் அடிப்படையே 'உழைத்துப் படி' என்பதுதான். சாதாராவில் அவர் நடத்திய விடுதியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கி, சமைத்து, வயலில் வேலை செய்து படித்தார்கள். 1927-ல் காந்தி அங்கே போய் அந்த விடுதிக்குப் பெயர் சூட்டினார். புனே பல்கலைக்கழகத்தில் இன்றும் பாட்டீல் பெயரிலேயே சம்பாதித்துக்கொண்டே படிக்கும் திட்டம் நடக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவும் அண்மை ஆண்டுகளில் பின்தங்கிய குடும்பத்து மாணவர்களுக்கு இப்படி வேலை தரலாம், வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று வழிகாட்டியிருக்கிறது. நூலகம், ஆய்வகம், கணினி அறை என்று அது அடுக்கும் இடங்கள் வழக்கமானவை. கல்லூரி வாசலுக்கு வெளியே நிற்கும் பஸ் நிறுத்தம் யார் கண்ணிலும் படவில்லை.

நமக்குப் பழக்கமானது வேறொன்று: நாட்டு நலப்பணித் திட்டம். 1969-ல், காந்தி நூற்றாண்டில் தொடங்கியது. ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவை. நல்ல திட்டம், நானும் அதில் இருந்தவன். ஆனால் அதில் கூலி இல்லை என்பதால், எந்த வேலைக்கும் 'என்எஸ்எஸ் பிள்ளைகளை விடலாமே' என்று சொல்லும் பழக்கம் கல்லூரிகளுக்கு வந்துவிட்டது. ஒரு நாள் முகாமுக்கு அது சரிப்படும். செவ்வாய்க்கிழமை தவறாமல் செயினுக்கு எண்ணெய் விட யாரும் சேவை மனப்பான்மையோடு வந்துகொண்டிருக்க மாட்டார்கள். கூலி வாங்கினால்தான் வராத நாளில் ஏன் வரவில்லை என்று கேட்க முடியும்.

டேவிஸை அப்படியே தூக்கி வந்து தேவிபட்டினத்தில் வைக்க முடியாது. முதல் தடை சட்டம். நமது 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயதில் கார் ஓட்டலாம், போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 நிரம்பியிருக்க வேண்டும். அதற்குப் பழகுநர் உரிமம் வாங்கவே ஓராண்டு இலகுரக உரிமம் கையில் இருக்க வேண்டும். கலிபோர்னியாவிலோ மாநிலத்துக்குள் ஓட்ட 18 போதும். நம் இளநிலை மாணவர்கள் 17-ல் சேர்ந்து 20-ல் வெளியேறுகிறார்கள். உரிமம் வாங்கத் தகுதி வரும்போது மாற்றுச் சான்றிதழும் கைக்கு வந்துவிடும். ஆகவே மாணவர் ஓட்டும் பஸ் என்ற ஆசையை இங்கே ஓரமாக வைத்துவிடலாம். அதனால் பெரிய நஷ்டமும் இல்லை, ஏனென்றால் இங்குள்ள சிக்கல் பஸ் ஓட்டுநர் பஞ்சம் அல்ல.

சிக்கல் தூரத்தில் இருக்கிறது. டேவிஸ் போன்ற வளாகத்தில் மாணவன் ஊருக்குள்ளேயே தங்கியிருக்கிறான்; நான்கைந்து கிலோமீட்டருக்குள் எல்லாம் முடிந்துவிடும். இங்கே கல்லூரிகள் கரை நெடுக உதிர்ந்து கிடக்கின்றன. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை வளாகம், ராமநாதபுரத்தில் சேதுபதி அரசு கலைக் கல்லூரி, கீழக்கரையில் பெண்கள் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும், ராமேசுவரத்தில் அப்துல் கலாம் பெயரில் அரசுக் கல்லூரி. படிக்க வருகிறவர்கள் கடலோரக் குப்பங்களிலிருந்தும் உள்ளே கண்மாய்க் கரைக் கிராமங்களிலிருந்தும் வருகிறார்கள். ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை சுமார் 17 கிலோமீட்டர், ராமேசுவரம் 55. இதில் சைக்கிள் மட்டும் எதையும் தீர்க்காது, பஸ் மட்டும் வீட்டு வாசலுக்கு வராது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் இறக்கிவிடும் இடத்துக்கும் கல்லூரி வாசலுக்கும், வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே இருக்கிற ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் ஒரு மாணவனுக்கு பைக் கேட்கும் ஆசையைக் கொடுக்கிறது. தவணையில் பைக் வந்தபின் பஸ்ஸை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

சைக்கிள் என்னவோ ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. மேல்நிலைப் பள்ளியில் அரசு கொடுத்தது. 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கி, பிறகு எல்லோருக்கும் விரிந்த திட்டம் அது. கல்லூரிக்குப் போகும் வயதில் அந்தச் சைக்கிள் எங்கே என்று பார்த்தால், கேரியரின் இருபுறமும் குடம் கட்டித் தண்ணீர் கொண்டுவருகிறது. அல்லது அப்பா அதிகாலையில் மீன் எடுக்கப் போகிறார். அல்லது திண்ணையில் துருப்பிடித்துச் சாய்ந்திருக்கிறது. புதிதாகப் பதினெட்டு சைக்கிள் வாங்கியதற்குப் பதில், மாணவர்களின் வீட்டில் நிற்கும் பழைய சைக்கிள்களைக் கொண்டுவரச் சொல்லிச் சீர்செய்து கொடுத்திருந்தால் அந்தக் கல்லூரிக்குச் செலவும் குறைந்திருக்கும், கொட்டகையும் நிறைந்திருக்கும். ஆனால் அதற்கு ரிப்பன் வெட்ட முடியாது.

பஸ் பக்கமும் பாதி வேலை முடிந்தே இருக்கிறது. அரசுக் கல்லூரி மாணவருக்கு இலவசப் பயண அட்டை உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கடற்கரைச் சாலையில் ஓடும் தொலைதூரப் பஸ்ஸுக்கு அந்தச் சலுகை கிடையாது. எனவே ஒரு மாணவி எந்தப் பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, அது எந்த வகைப் பஸ் என்பதைத் தெரிந்துவைத்திருந்தால்தான் காசு மிச்சமாகும். இந்தத் தகவல் எங்கே எழுதியிருக்கிறது? பெரும்பாலும் எங்கும் இல்லை. நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர் தலைக்குள் இருக்கிறது. "எட்டே கால் வண்டி போய்விட்டதா, அண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் எல்லோரும் நிற்கிறார்கள். அவர் கடை திறக்காத நாளில் நிறுத்தமே திகைத்துப்போகிறது.

முதல் மாணவர் வேலையை நான் இங்கேதான் வைப்பேன். இரண்டு பேர், ஒரு நோட்டு, ஒரு பேனா. காலை எட்டிலிருந்து பத்து வரை ஒருவர் நிறுத்தத்தில், ஒருவர் வாசலில். வந்த பஸ், வந்த நேரம், இறங்கியவர் எண்ணிக்கை, ஏற முடியாமல் படியில் தொங்கியவர்கள். வாசலில் நடந்து வந்தவர், சைக்கிள், பைக், பைக்கில் எத்தனை பேர், ஆட்டோ. நான்கு கோடு போட்டுக் குறுக்கே ஒரு கோடு, அந்தப் பழைய கணக்கு போதும். இரண்டு வாரம் செய்தால் கல்லூரி நிர்வாகம் தன் வாசலைப் பற்றி அதுவரை அறியாத ஒன்றை அறியும். முதல் வகுப்பை பதினைந்து நிமிடம் தள்ளிவைத்தாலே பாதிப் பேர் பைக்கை விட்டுப் பஸ்ஸுக்கு வருவார்களா என்ற கேள்விக்கு விடை அந்த நோட்டில் இருக்கலாம். போக்குவரத்துக் கழகத்துக் கிளை மேலாளரிடம் 'கூட்டமாக இருக்கிறது, பஸ் விடுங்கள்' என்று மனு கொடுத்தால் அது மனுக்களோடு மனுவாகப் போகும். 'செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் 8.20-க்குப் பிறகு 9.05 வரை பஸ் இல்லை, தினமும் இத்தனை பேர் நின்றார்கள்' என்று எண்ணோடு கொடுத்தால், அவர் தன் மேலதிகாரிக்கு அனுப்ப ஒரு தாளாவது கிடைக்கும். 2022 டிசம்பரில் பாம்பன் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தியதிலிருந்து 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும்வரை தீவுக்குள் ரயில் போகவில்லை. இரண்டு ஆண்டுக்கு மேல் தீவுக்குப் போய்வந்த மாணவர்கள் சாலையையே நம்பியிருந்தார்கள். அப்போது நிறுத்தத்துக்கு நிறுத்தம் இப்படி ஒரு நோட்டு இருந்திருந்தால் கேட்பதற்கு எவ்வளவோ இருந்திருக்கும்.

இரண்டாவது வேலை சைக்கிள் கற்றுக்கொடுப்பது. நகரத்துக்காரர்கள் சிரிக்கலாம். அரசு கொடுத்த சைக்கிளைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுத் தான் ஓட்டாமலே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்களை நான் அறிவேன். பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் எழுத்தறிவு கொடுத்த அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். கல்குவாரிப் பெண்களும் வயல் வேலைப் பெண்களும் ஒருவர் கற்று மற்றவருக்குக் கற்றுக்கொடுத்து, ஆயிரக்கணக்கில் ஓட்டினார்கள். அங்கே நடந்ததில் கவனிக்க வேண்டியது, கற்றுக்கொடுத்தவர்களும் பெண்களே என்பது. ஒரு கல்லூரி மைதானத்தில் சனிக்கிழமை மாலை, ஆண்கள் வேடிக்கை பார்க்காத நேரத்தில், மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி முதலாம் ஆண்டு மாணவியின் சீட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு ஓடுவதற்கு இரண்டு மணி நேரக் கூலி கொடுத்தால் அதைவிடப் பலன் தரும் பசுமைச் செலவு எனக்குத் தோன்றவில்லை.

பேட்டரி வண்டியைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். சொல்லிவிடுகிறேன். 250 வாட்டுக்கு மிகாத மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மிகாத வேகமும் உள்ள மின்சைக்கிளுக்குப் பதிவோ உரிமமோ தேவையில்லை. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் சுமை கொண்டுபோகவும் அது நல்லது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று சுழற்றியடிக்கிற மாதங்களில், பாக் நீரிணைக் கரைக் குப்பத்திலிருந்து காலையில் மேற்கே ஏறி வருகிறவருக்கு எதிர்க்காற்று முகத்தில் அறையும். அப்போது அந்தச் சிறு மோட்டார் வரம்தான். (பாம்பன் பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவந்தார்கள். சைக்கிள்காரனுக்கு அப்படிச் சிக்னல் போடுவார் இல்லை.) ஆனால் உப்புக்காற்று பேட்டரி முனைகளையும் இணைப்புகளையும் செயினைவிட வேகமாகத் தின்னும். கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் வந்தது. அங்கிருந்து மின்சாரம் எங்கெங்கோ போகிறது. அதே மாவட்டத்து வளாகத்தில் பேட்டரி வண்டி சார்ஜ் ஏறாமல் நின்றால் சூரியனைக் குறை சொல்ல முடியாது, துடைக்காத முனையைத்தான் சொல்ல வேண்டும். ஆக, வண்டி எதுவானாலும் கேள்வி மறுபடி ஆளிடமே வந்து நிற்கிறது.

ஒரு மனக்கணக்கு. பத்து மாணவர்கள், ஆளுக்கு வாரம் எட்டு மணி நேரம், மணிக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 19,200 ரூபாய். கல்லூரி நடக்கும் பத்து மாதத்துக்கு 1,92,000. ஒரு மாணவர் கைக்கு மாதம் 1,920 வரும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் அரசு தரும் ஆயிரத்தோடு சேர்த்தால், ஒரு விடுதி மாணவி வீட்டில் கைநீட்டாமல் மாதத்தை ஓட்டிவிடலாம். பதினெட்டு சைக்கிளுக்கு ஒன்று ஐயாயிரம் என்று போட்டாலும் தொண்ணூறாயிரம் ரூபாய் துருவுக்குப் போயிருக்கிறது. அந்தப் பணத்தில் பாதியை எடுத்து இரண்டு பேருக்குக் கூலி கொடுத்திருந்தால் பழுதுபார்க்கிற வேலை ஓராண்டு தாராளமாக நடந்திருக்கும்.

இதில் மெத்தனமாக இருந்தால் கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, யாருக்கு எந்த வேலை என்பது. கணக்கெடுக்கும் நோட்டு ஒரு தெருப் பிள்ளைக்கும், எண்ணெய்த் துணி இன்னொரு தெருப் பிள்ளைக்கும் என்று தானாகவே பிரிந்துவிடும்; யாரும் சொல்லிச் செய்யாமலே அது நடக்கும், நம் ஊர் அப்படி. பாவுராவ் பாட்டீல் தன் விடுதியில் எல்லோரையும் எல்லா வேலையும் செய்யவைத்தது இதைத் தெரிந்துதான். மாதாமாதம் வேலையை மாற்றிப் போடுவது ஒன்றே வழி, ஆண்-பெண் வேறுபாடும் அதில் இருக்கக் கூடாது. இன்னொன்று, வெளியே ஏற்கெனவே அந்த வேலையில் பிழைப்பவர்கள். நிறுத்தத்திலிருந்து வாசல் வரை பத்து ரூபாய்க்கு ஷேர் ஆட்டோ ஓட்டுபவருக்குக் குறுக்கே கல்லூரி இலவச வண்டி விட்டால், ஒரு மாணவனுக்குக் கிடைத்த கூலி ஒரு குடும்பத்தின் அடுப்பிலிருந்து எடுத்ததாகிவிடும். வளாக வண்டி வாசலுக்கு உள்ளே ஓடட்டும். சைக்கிள் பட்டறைக்கு ஆசான், ஊரில் பஞ்சர் கடை வைத்திருப்பவராகவே இருக்கட்டும், அவருக்கும் மணிக்கூலி கொடுத்து.

அப்படி ஒருவரைத் தொண்டிப் பக்கம் போய்ப் பார்த்தேன். கடை என்றால் வேப்பமரம், ஒரு தார்ப்பாய், காற்றடிக்கும் பம்பு, வாய் அகன்ற ஒரு பிளாஸ்டிக் தொட்டி. ஒரு பெண்ணின் சைக்கிள் தலைகீழாக நின்றது. டயரை நெம்பி டியூபை உருவி, காற்றடித்து, தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் ஊசிமுனை அளவுக் குமிழி வரிசையாக ஏறியது. அங்கே பேனாவால் ஒரு குறி வைத்து, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி, காத்திருந்தார். ஒட்டைப் பதித்த பிறகும் டியூபை உள்ளே போடவில்லை. டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிக்கொண்டே சுற்றினார். நிறுத்தினார். குறட்டால் எதையோ பிடித்து இழுத்தார். சீமைக் கருவேல முள், முனை ஒடிந்து ரப்பருக்குள் ஒளிந்திருந்தது. இதை எடுக்காமல் மாட்டினால் பத்தாவது நிமிடம் மறுபடியும் பஞ்சர் என்றார். அவசரக்காரர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்களாம்.

"மாணவர்களை அனுப்பினால் கற்றுக்கொடுப்பீர்களா, பாய்?" என்றேன்.

"தாராளமாக அனுப்புங்கள், சார். ஒரு மாதத்தில் கை வந்துவிடும். ஆனால் நவம்பரிலும் ஏப்ரலிலும் பரீட்சை என்று எல்லாரும் ஒன்றாகப் போய்விடுவார்களே, அப்போது யார் பார்ப்பது?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. டேவிஸில் இதற்கு விடை, முதலாம் ஆண்டிலிருந்து இறுதியாண்டு வரை கலந்து ஆள் எடுப்பதும், தேர்வு, விடுமுறை நாட்களில் சேவையைக் குறைத்துக்கொள்வதும்தான். இங்கே இளநிலை, முதுநிலைத் தேர்வுத் தேதிகள் அப்படியே ஒன்றின் மேல் ஒன்று விழுவதில்லை. இரண்டிலிருந்தும் ஆள் எடுத்தால் சமாளிக்கலாம், மிச்ச நாளுக்கு அவர் கடை இருக்கிறது என்று சொன்னேன். தலையாட்டினார், முழுதாக ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. எடுத்த முள்ளைப் பக்கத்தில் இருந்த சிரட்டையில் போட்டார். சிரட்டை முக்கால் வாசி நிறைந்திருந்தது.

"இவ்வளவும் எத்தனை வருடத்து முள்?"

"வருடமா? பெருநாளுக்குத்தான் சிரட்டையைக் கொட்டிக் கழுவினேன், சார்" என்றார். பெருநாள் கழிந்து அப்போது மூன்று வாரம் ஆகியிருந்தது.